பத்துப் புளியங்கொட்டை

கயலு, முகிலா, இரண்டு பேரும் அந்தக் கேரம் போர்டை மூடி வைத்துவிட்டு இப்படி வந்து உட்காருங்கள். இந்த வாரம் பத்திரிகைக்கு எழுதியிருப்பது நம் வீட்டுக் கதை. கயல், நீ பிறப்பதற்கு முந்தைய சில வாரங்களின் கதை. முகிலா, நான் அதில் இல்லையே என்று மூஞ்சியைத் தூக்காதே. நீ வயிற்றில் இருந்தபோது நாங்கள் பயமில்லாமல் சிரித்துக்கொண்டு இருந்தோம் என்றால், அதற்கு இந்தக் கதைதான் காரணம்.

போன வாரம், மழையில் மண் சரிந்து, தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வரிசை வீடான லயத்தின் பின்சுவர் போனதை எழுதியிருந்தேன். அதன் நடுவே, 'அப்போது உங்கள் அம்மா வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள்' என்று ஒரே ஒரு வரி வந்தது. அந்த ஒரு வரிக்கு ரம்புக்கனையிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். "பிள்ளைப்பேறு பெண்கள் சமாச்சாரம். அதற்குள் போய் ஓர் ஆம்பளை எழுதுவது அழகில்லை" என்று.

ஐயா, கடிதத்துக்கு நன்றி. எழுதத்தான் போகிறேன். பெண்கள் சமாச்சாரம் என்று ஒதுங்கி நின்றிருந்தால் பரவாயில்லை. அதற்குள் வாயை விட்டுக் கெடுத்தவன் நான். அதை நானேதான் சொல்ல வேண்டும்.

இரண்டு சிரட்டைகள்

மார்கழிக் காலை. பனி இன்னும் தேயிலை மேல் கிடக்கிறது. குடும்பத்துக்கு ஒன்றாக எட்டுக் காம்பரா உள்ள லயத்தில் நம்முடையது கடைசிக் காம்பரா. உரச் சாக்கில் பழந்துணி அடைத்துத் தைத்த மெத்தையை வாசலில் போட்டு, அதில் உங்கள் அம்மா இடது பக்கமாகச் சாய்ந்திருக்கிறாள். ஒரு கை வயிற்றின் மேல். பக்கத்தில் இரண்டு தேங்காய்ச் சிரட்டைகள். ஒன்றில் பத்துப் புளியங்கொட்டை இருக்கும். மற்றது காலி.

வயிற்றுக்குள் நீ ஒரு தடவை புரண்டால், ஒரு கொட்டை இந்தச் சிரட்டையிலிருந்து அந்தச் சிரட்டைக்குப் போகும். 'டக்' என்று ஒரு சத்தம். நான் படிக்கல்லில், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருப்பேன். கை கத்தியில் இருக்கும், காது முழுக்க அந்தச் சிரட்டையில் இருக்கும்.

பிள்ளையின் அசைவைக் குறிக்க கிளினிக்கில் ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். காலை ஒன்பது மணிக்கு எண்ணத் தொடங்கி, இரவுக்குள் பத்து அசைவு வர வேண்டும். குறைந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். ஆனால் அட்டையில் நிரம்பாத கட்டத்தைப் பார்த்தாலே உங்கள் அம்மாவுக்கு மூச்சு முட்டியது. "இந்தக் கட்டமெல்லாம் வாயத் தொறந்துகிட்டு என்னையே பாக்குதுங்க" என்றாள். அதனால் பகலெல்லாம் புளியங்கொட்டை. பத்தும் மாறிய பிறகுதான் அட்டையில் புள்ளடி போடுவோம்.

"ஏழு" என்றாள் அன்று.

"எட்டு இல்ல? இப்ப வயிறு துள்ளுச்சே."

"அது விக்கலு. விக்கலு சேராதுன்னு கிளினிக்கு மிஸ்ஸி சொன்னாங்க. கள்ளக் கணக்கு போடாதீங்க."

நான் சிரித்தேன். அவளும் சிரிக்க வாய் எடுத்தாள். அதற்குள் பக்கத்துக் காம்பராவிலிருந்து பாக்கியம் அக்காவின் தலை நீண்டது.

"இன்னுமா பெறல? கார்டுல போட்ட நாளு தாண்டி அஞ்சு நாளாச்சேடி! நாளு தாண்டுனா தண்ணி வத்திப் போகுமாம். டவுனுல ஒருத்திக்கு அப்பிடித்தான்…"

உங்கள் அம்மாவின் கை எட்டாவது கொட்டையின் மேல் அப்படியே நின்றது.

பாக்கியம் அக்கா கெட்டவர் இல்லை. ஓடி வந்து உதவுவதிலும் அவர்தான் முதல் ஆள், பயம் காட்டுவதிலும் அவர்தான் முதல் ஆள்.

உங்களுக்கு முன்னால் ஒருவன்

உங்கள் அம்மா ஏன் அப்படிப் பயந்தாள் என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் இருவருக்கும் முன்னால் ஒருவன் இருந்தான். ஏழாம் மாதத்தில் அவன் அசைவு நின்றுபோனது. ஏதோ சரியில்லை என்று அவள் சொன்னபோது, "காலையில பாப்போம்" என்றார்கள் எல்லோரும். நானும் சொன்னேன். காலையில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில், சாக்குகளுக்கு மேல் அவளைப் படுக்க வைத்துக் கொண்டுபோனோம். ஒவ்வொரு வளைவிலும் அவள் தலையை என் தொடையில் அழுத்திப் பிடித்திருந்தேன். போய்ச் சேர்ந்தும் பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை. திரும்பி வந்ததும் அதே லொறியில்தான்.

அதற்குப் பிறகு வந்தவள் நீ, கயல்.

ஆறாம் மாதத்திலிருந்து கிளினிக்கில் ஒரே பேச்சு. பிள்ளை மாதத்துக்கு ஏற்ற வளர்ச்சி இல்லை. சின்னதாக இருக்கிறது. ஒவ்வொரு தடவை வயிற்றை அளக்கும்போதும் டேப்பைப் பார்த்து முகத்தைச் சுருக்குவார்கள். அதைப் பார்த்து இவளுக்குப் பிரஷர் ஏறும். பிரஷர் ஏறினால் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். அதைக் கேட்டு இன்னும் ஏறும். பால் தூளான பால்மா பாக்கெட் வாங்கிக் கரைத்துக் கொடுத்தேன். முட்டை, நெத்தலி, முருங்கைக்கீரை எல்லாம் கொடுத்தேன். அடுத்த மாதம் போனால் அதே பேச்சு.

கடைசியாக டாக்டர் அம்மா சொன்னார்: "நாள் தாண்டிவிட்டது. திங்கட்கிழமை பையோடு வந்து ஆஸ்பத்திரி வாட்டில் சேருங்கள். மருந்து கொடுத்து வலியை வரவைக்கிறோம். அதுவரைக்கும் இவர் பதறக் கூடாது. வீட்டை அமைதியாக வைத்திருங்கள்."

வீட்டை அமைதியாக வைத்திருங்கள்! எட்டுக் காம்பராவுக்கும் ஒரே கூரை, நடுவில் முக்கால் சுவர். ஒரு வீட்டில் தாளித்தால் எட்டு வீட்டிலும் தும்முவோம். அங்கே எங்கே போய் அமைதியைத் தேடுவது?

பெரட்டுப் பலகை

தேடினேன். காலையில் வேலை பிரிக்கும் இடத்தைப் பெரட்டுக்களம் என்போம். எந்த ஆள் எந்த மலைக்கு என்று ஒரு கறுப்புப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். அப்படி உடைந்து ஒதுக்கிப்போட்ட பலகைத் துண்டு ஒன்று கிடந்தது. கேட்டு வாங்கி வந்து, வாசல் நிலையில் ஆணி அடித்து மாட்டினேன். சுண்ணாம்புக் கட்டியால் பெரிதாக எழுதினேன்:

'இன்னும் பிறக்கவில்லை. பிறந்தால் நாங்களே சொல்வோம். வாசலில் நின்று பயம் காட்ட வேண்டாம்.'

லயமே திரண்டு வந்து வாசித்தது.

"என்னாடா தம்பி லிங்கம், எங்களுக்கே பெரட்டா?" என்றார் பாக்கியம் அக்கா, இடுப்பில் கை வைத்து.

"ஒங்களுக்குத்தான்க்கா. ஒங்களுக்குன்னுதான் பெரிய எழுத்துல எழுதுனேன்."

"நாங்க அக்கறையில கேட்டா பலகை மாட்டுறான் பாருங்க, இவன் பெரிய தொரை!"

"அக்கறை இருந்தா ரசம் வச்சு அனுப்புங்க. கதைய அனுப்பாதீங்க."

மறுநாள் பலகையின் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: 'ஆம்பளையா பொம்பளையா?' அதற்கும் கீழே நான் எழுதினேன்: 'பிள்ளை.'

ரசம் வந்தது. மிளகு தூக்கலாக. பாக்கியம் அக்கா அதை வாசற்படியில் வைத்துவிட்டு, வாயைக் கையால் பொத்திக் காட்டிவிட்டுப் போனார்.

வேலைக்குப் போவதையும் நிறுத்தினேன். கணக்கப்பிள்ளை, அதாவது எங்கள் வேலையை மேய்க்கிறவர், பெரட்டில் எல்லோர் முன்னாலும் கேட்டார். "ஏன் லிங்கம், பொண்டாட்டிக்குப் பிரசவம்னா நீ என்னாத்துக்கு வீட்டுல? நீயா பெறப் போற?"

கவ்வாத்து ஆட்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள்.

"பெறப் போறது அவங்கதாங்க ஐயா. பக்கத்துல இருக்கப் போறது நானு. போன தடவ நீங்க சொன்னீங்கன்னு மலைக்குப் போனேன். இந்தத் தடவ போகல."

அவர் பதிலுக்கு நான் நிற்கவில்லை. நேரே வீட்டுக்கு நடந்தேன்.

அன்று மத்தியானம் உங்கள் அம்மாவின் துணிகளை, மலைத் தண்ணீர் விழும் பீலிக்கு எடுத்துப்போய், பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்கும் நேரம் பார்த்து, கல்லில் அடித்துத் துவைத்தேன். லயத்துக்குப் பின்னால் காயப்போடவில்லை. முன்னால் கயிறு கட்டிக் காயப்போட்டேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

இதையெல்லாம் வாசிக்கும்போது உங்கள் அப்பா பெரிய வீரன் என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

லயத்தின் வாய்

இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

நான் படித்தது சாதாரண தரப் பரீட்சை வரைக்கும்தான். அதிலும் கணக்கில் கோட்டை விட்டவன். ஆனால் சிங்களம் நன்றாகப் பேசுவேன். சின்ன வயதில் கீழே கிராமத்துப் பையன்களோடு ஆற்றில் கிடந்ததால் வந்த பேச்சு. எங்கள் ஆட்கள் பலருக்குச் சந்தைச் சிங்களம் வரும், ஆபீஸ் சிங்களம் வராது. அதனால் அடையாள அட்டையா, பொலிஸா, ஆஸ்பத்திரியா, "லிங்கத்தைக் கூப்பிடு" என்பார்கள்.

கீழே ஓப்பநாயக்க டவுன் தபால் கந்தோரில் ஒரு பெரியவருக்காக நான் முதன்முதலில் பேசியபோது எனக்குப் பதினாறு வயது. கந்தோர்க்காரர் அவர் பெயரைக் கேட்டார். அவர் வாய் திறப்பதற்குள் நான் சொன்னேன். வயதைக் கேட்டார். நான் சொன்னேன். எத்தனை பிள்ளைகள் என்றார். அதையும் நானே சொன்னேன். பெரியவர் என்னைப் பெருமையாகப் பார்த்தார். வெளியே வந்ததும், "எனக்கு அஞ்சு புள்ளைங்கடா, நாலுன்னு சொல்லிட்ட" என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டு டீ குடித்தோம்.

அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கேட்கிறவனுக்கும் சொல்கிறவனுக்கும் நடுவே நிற்பவன், நாளாக நாளாகச் சொல்கிறவனை மறந்துவிடுகிறான். எல்லாம் தனக்கே தெரியும் என்று நினைக்கிறான். அப்படித்தான் நான் ஆகிப்போனேன்.

ஒரு ஸ்பீக்கர் செட், இரண்டு திருவிழா

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்று இரண்டு பிரிவுகள். நம் லயம் கீழ்க்கணக்கு. உங்கள் அம்மா பிறந்தது மேற்கணக்கு. இரண்டிலும் மாரியம்மன் கோயில் உண்டு. முன்பெல்லாம் இரண்டு கோயிலுக்கும் ஒரே நாளில் திருவிழா. அப்போது டவுனில் ஒரே ஒரு ஸ்பீக்கர் செட்தான் வாடகைக்குக் கிடைத்தது. ஒரு வருடம் அதை யார் முதலில் எடுப்பது என்று சண்டை வந்து, குழாய் ஸ்பீக்கர் நடுப்பாதையில் நசுங்கியது. அதிலிருந்து கீழ்க்கணக்குத் திருவிழா முதலில், மேற்கணக்குத் திருவிழா மூன்று வாரம் கழித்து. இப்போது டவுனில் எத்தனையோ செட் கிடைக்கிறது. ஆனாலும் மூன்று வாரம் மூன்று வாரம்தான். இங்கத்து ஆம்பளைகள் அங்கே போக மாட்டோம், அங்கத்து ஆம்பளைகள் இங்கே வர மாட்டார்கள்.

நான் கீழ்க்கணக்குத் திருவிழாக் கமிட்டியில் இருந்தவன். என் மண்டைக்குள் ஒரே ஒரு திருவிழாதான் இருந்தது.

"யாரு சொன்னா?"

திரும்பவும் அந்த வாசலுக்கு வருவோம். திங்கட்கிழமைக்கு முந்தின நாள். ஆஸ்பத்திரிப் பை கட்டித் தயாராக மூலையில் இருக்கிறது. அன்று பத்துக் கொட்டையும் பன்னிரண்டு மணிக்கே மாறிவிட்டன. உங்கள் அம்மா காலிச் சிரட்டையை விரலால் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"ஏங்க, எனக்கு ஒண்ணு தோணுது. நாளு தாண்டலங்க. நாளு இன்னும் வரவே இல்ல."

"கார்டுல போட்டிருக்கே புவனா."

"நான் போயா வச்சு எண்ணுனேன். மாசம் ஒரு பௌர்ணமிப் போயா லீவு வருதுல்ல? எந்தப் போயாவுக்கு மசக்கை, எந்தப் போயாவுக்கு மொதல்ல அசைஞ்சுச்சு, எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. என் எண்ணிக்கைல பொங்கல் கழிஞ்சுதான் வரணும்."

"டாக்டருக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியும்?"

இப்படிக் கேட்டேன். ஆமாம், நான்தான். பலகை மாட்டிய வீரன்.

அவள் கோபப்படவில்லை. நிதானமாகக் கேட்டாள். "கார்டுல அந்தத் தேதி எப்பிடி வந்துச்சு? யாரு சொன்னா?"

"மொத நாளு மிஸ்ஸி கேட்டாங்க. நான் சொன்னேன்."

"என்னா சொன்னீங்க?"

கயல், உனக்கு இதெல்லாம் இப்போது பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். முகிலா, நீயும் தெரிந்துகொள். பிள்ளை எப்போது பிறக்கும் என்று கணக்கிட, கடைசியாக மாதவிலக்கு வந்த முதல் நாளைக் கேட்பார்கள். அந்த நாட்களில் பெண்கள் கோயிலுக்குப் போவதில்லை என்பது எங்கள் வழக்கம். சோமா மிஸ்ஸி, எங்கள் பகுதியின் மிட்வைஃப், அந்த முதல் நாளில் இதைத்தான் கேட்டார். உங்கள் அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "திருவிழாவுக்குப் பால்குடம் எடுக்கலாம்னு இருந்தேன், எடுக்க முடியாமப் போன அன்னைக்கு…" என்று தொடங்கினாள். அதற்கு மேல் அவளைப் பேச விட்டால்தானே! சுற்றி நிற்கிறவர்கள் முன்னால் அந்தப் பேச்சைக் கேட்க எனக்குக் கூச்சம். திருவிழாத் தேதிதான் கமிட்டிக்காரனுக்கு மனப்பாடமாயிற்றே. படாரென்று சிங்களத்தில் தேதியைச் சொன்னேன். மிஸ்ஸி எழுதிக்கொண்டார்.

அவளிடம் இப்போது அந்தத் தேதியைச் சொன்னேன்.

உங்கள் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அது கீக்கணக்குத் திருவிழா. அன்னைக்கு நான் பால்குடம் எடுத்தேன். தாரு ரோட்டுல கால் சுடுதுன்னு பின்னாலயே வந்து தண்ணி ஊத்துனது யாரு?"

நான்தான். வாளி தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடி ஓடி ஊற்றினேன். கால் கொலுசு நனைந்தது வரைக்கும் இப்போதும் கண்ணில் நிற்கிறது.

"மூணு வாரம் கழிச்சு எங்க அம்மா வீட்டுத் திருவிழாவுக்குப் போனேன். அங்கதான் எடுக்க முடியாமப் போச்சு. பின்காம்பராவுல ஒக்காந்து மேளச் சத்தத்த மட்டும் கேட்டுக்கிட்டு இருந்தேன். நீங்கதான் வர மாட்டீங்களே!"

மூன்று வாரம். அட்டையில் பிள்ளைக்கு மூன்று வாரம் கூடுதலாக வயதைப் போட்டுவிட்டு, 'வளரவில்லை, வளரவில்லை' என்று எல்லோரையும் பயப்பட வைத்தது என் வாய். முதல் மூன்று மாதத்தில் எடுக்க வேண்டிய ஸ்கேனாவது பிழையைக் காட்டியிருக்கும். அந்த நாளில்தான் மண் சரிந்து பாதை மூடிக் கிடந்தது. பிறகு எடுத்த ஸ்கேனில் பிள்ளை சின்னதாகத் தெரிந்தபோது, தேதியை யாரும் சந்தேகப்படவில்லை. நான்தான் அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருந்தேனே.

நான் தலையைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் வயிற்றைத் தடவிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"அப்ப இவ சின்னப் புள்ளை இல்ல. சரியாத்தான் இருக்கா."

வயிறு யாருடையது

மறுநாள் நஸீர் நானாவின் திரிவீலில், மூன்று சக்கர ஆட்டோவில், போனோம். நானா ஓப்பநாயக்கக் கடைத்தெருவில் வாடகைக்கு நிற்கிறவர். எங்கள் பாதையில் ஒவ்வொரு குழியும் அவருக்குப் பெயர் சொல்லித் தெரியும்.

பையோடுதான் போனோம். தேதி பிழை என்று நாங்களாக முடிவு செய்து வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள். நாங்கள் எதிர்த்தது பயத்தை. ஆஸ்பத்திரியை இல்லை.

டாக்டர் அம்மா மேசையில் இருந்தார். சோமா மிஸ்ஸியும் அன்று எங்கள் பகுதிப் பெண்களோடு வந்திருந்தார். உட்காரும் வாங்கு முழுக்கக் கர்ப்பிணிகள், பின்னால் புருஷன்மார், மாமியார்மார். காதோடு சொல்லலாம் என்றுதான் குனிந்தேன். பிறகு நிமிர்ந்தேன். பிழையைச் சத்தமாகச் செய்தவன் சத்தமாகத்தான் திருத்த வேண்டும். எல்லோருக்கும் கேட்கும்படி சிங்களத்தில் சொன்னேன்: தேதியைச் சொன்னது நான், மனைவியை முழுதாகச் சொல்ல விடவில்லை, மூன்று வாரம் பிழை.

வாங்கில் இரண்டு பேர் சிரித்தார்கள். டாக்டர் அம்மா சிரிக்கவில்லை.

"ஏன் மனைவியிடம் கேட்கவில்லை?"

"வெட்கம், டாக்டர். அதைவிட, எனக்கே தெரியும் என்று நினைத்தேன்."

சோமா மிஸ்ஸி எழுந்து வந்து என்னைத் தோளில் தொட்டு ஓரமாக நிறுத்தினார். உங்கள் அம்மா முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவருக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் சொன்னார்: "பய வென்ன எபா, புவனா. பயம் வேணாம். ஒங்கட வாயால சொல்லுங்க."

உங்கள் அம்மா சொன்னாள். பாதி தமிழ், பாதி சந்தைச் சிங்களம். மேற்கணக்குத் திருவிழா, அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு போயா, முதல் அசைவு. விரல் மடக்கி, மடக்கி. எனக்குச் சொல்லியே இராத பல விஷயங்கள். நான் ஓரமாக நின்று கேட்டேன்.

டாக்டர் அம்மா அட்டையின் பழைய பக்கங்களைப் புரட்டினார். ஒவ்வொரு மாதமும் பிள்ளை பின்தங்கியது அதே மூன்று வாரம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மறுபடியும் ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றில் பட்டி கட்டி இதயத் துடிப்பைப் பார்த்தார்கள். குதிரை ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் கதவுக்கு வெளியேயும் கேட்டது.

"இப்போது மருந்து வேண்டாம்" என்றார் டாக்டர் அம்மா. "வளர்ச்சி சரி. பிரஷரை மட்டும் மூன்று நாளுக்கு ஒரு தடவை வந்து காட்டுங்கள். அசைவு குறைந்தால் எந்த நேரமானாலும் உடனே வாருங்கள். காலையில் பார்ப்போம் என்று இருக்க வேண்டாம்."

அந்தக் கடைசி வார்த்தையில் உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

வெளியே வரும்போது சோமா மிஸ்ஸி விரலை நீட்டினார். "லிங்கம், ஒங்கட வாய் நல்ல வாய். ஆனா வயிறு அவங்கட."

திரிவீலுக்குத் திரும்பியபோது நஸீர் நானா பையையும் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன, போன மாதிரியே வாறீங்க? ஆஸ்பத்திரி பூட்டா?"

"இல்ல நானா, இவருதான் புள்ளைய மூணு வாரம் முந்தி எறக்கப் பாத்தாரு."

"பொறக்க முந்தியே புள்ளைக்கு வயசக் கூட்டுன மொதல் வாப்பா நீங்கதான் லிங்கம்!"

உங்கள் அம்மா சிரித்தாள். மாதக்கணக்கில் கேட்காத சிரிப்பு. "குலுக்காதீங்க நானா, உள்ள ஒருத்தி தூங்குறா."

நல்ல காத்திருப்பு

வீட்டுக்கு வந்ததும் அவள் சுண்ணாம்புக் கட்டியைக் கேட்டாள். பலகையில் நான் எழுதியதைக் கையாலேயே அழித்தாள். அவள் எழுத்தில் எழுதினாள்: 'இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. இது என் எண்ணிக்கை. புவனேஸ்வரி.'

பாக்கியம் அக்கா வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "கமிட்டிக்காரரே" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லை அந்த வருடம் முழுக்கச் சொன்னார். வாங்கிக்கொண்டேன்.

அந்த இரண்டு வாரம்தான் நான் வாழ்ந்ததிலேயே நல்ல காத்திருப்பு. லயமும் அதேதான், முக்கால் சுவரும் அதேதான். பக்கத்து வீட்டு ரேடியோகூட முன்னைப் போலத்தான் அலறியது. ஆனால் அவள் அமைதியாக இருந்தாள். மற்றவர்கள் வாயை அடைத்து நான் தேடிய அமைதி வேறு. தன் வாயால் சொன்னதை நம்பியதால் அவளுக்கு வந்த அமைதி வேறு. பிரஷர் இறங்கியது. மத்தியானத்தில் தேசிக்காய் பிழிந்த தண்ணீர் குடித்தாள். வெயில் தாழ்ந்ததும் பீலி வரைக்கும் நடந்தோம். பொங்கல் அன்று மெத்தையில் இருந்தபடியே அகப்பையால் கிளறினாள். நான் எதையாவது அவளுக்குப் பதிலாகச் சொல்லப் போனால், ஒரு புளியங்கொட்டை பறந்து வந்து என் மேல் விழும்.

பொங்கல் கழிந்து ஒரு காலை. நான்காவது கொட்டை விழுந்தது. ஐந்தாவதை எடுத்தவள் கையிலேயே வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். மூச்சை மெதுவாக விட்டாள்.

"ஏங்க, சிரட்டைய எடுத்து வைங்க. இனி எண்ண வேணாம்."

நஸீர் நானாவுக்கு போன் போட்டேன். பாக்கியம் அக்கா பையைத் தூக்கினார். திரிவீல், தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோருக்குக் கீழே உள்ள வளைவில் இறங்கும்போது எதிரே கொழுந்து லொறி ஏறி வந்தது. பாதையில் ஒன்றுதான் போக முடியும். முன் சீட்டில் கணக்கப்பிள்ளை. நானா ஹோனில் கை வைத்து எடுக்கவே இல்லை. நான் பாதி உடம்பை வெளியே நீட்டி, "பின்னுக்கு எடுங்க!" என்று கத்தினேன்.

லொறி பின்னுக்குப் போனது. சாக்குகள் ஆட, ஒரு வளைவு முழுக்கப் பின்னுக்கே போய் ஒதுங்கி நின்றது. கணக்கப்பிள்ளை கையை உயர்த்திப் போகச் சொன்னார். என் தோளில் சாய்ந்திருந்த உங்கள் அம்மா ஒற்றைக் கண்ணைத் திறந்து அந்த லொறியைப் பார்த்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

நீ அன்று மத்தியானத்துக்கு முன்பே பிறந்துவிட்டாய், கயல். மூன்று கிலோவுக்கு ஒரு கைப்பிடிதான் குறைவு. நர்ஸ் உன்னைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டி, "பிள்ளையின் பெயர் என்ன?" என்று என்னைக் கேட்டார். வாய்க்குள் பெயர் தயாராக இருந்தது. "அவங்ககிட்ட கேளுங்க" என்றேன்.

ஒரு செம்பு

கடைசியாக ஒன்று. இதை உங்கள் அம்மாவுக்கும் இதுவரை சொன்னதில்லை. இந்த வாரம் பத்திரிகையில் வாசித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

மறுநாள் பகல், இரண்டு சீலையும் ஒரு துவாயும் எடுக்க நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். எல்லோரும் மலையில். லயம் வெறிச்சென்று கிடந்தது. பையைக் கட்டிவிட்டுப் புறப்படும்போது, அடுப்படியில் பாதி இருந்த பால்மா பாக்கெட் கண்ணில் பட்டது. செம்பில் தண்ணீர் எடுத்துக் கரைத்தேன். சரியாகக் கரையவில்லை, கட்டி கட்டியாக மிதந்தது. செருப்பை வாசலில் விட்டேன்.

மேற்கணக்கு இரண்டு மைல் ஏற்றம். நடுப்பகல். தாரும் கல்லும் கொதித்தன. காலில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. உங்கள் அம்மா பால்குடம் எடுக்க முடியாமல் போன அந்தக் கோயில் வாசலை அன்றுதான் முதன்முதலாக மிதித்தேன். பூட்டியிருந்தது. போன திருவிழாவின் காய்ந்த வேப்பிலைத் தோரணம் கம்பிக் கதவில் இன்னும் தொங்கியது.

செம்பைத் தலையில் வைத்துக்கொண்டு கோயிலை ஒரு சுற்றுச் சுற்றினேன். பால் தளும்பி நெற்றியில் வழிந்தது. கதவுக்கு வெளியே ஒரு சூலம் நட்டிருந்தது. அதன் அடியில் ஊற்றினேன். எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. எதையும் சொல்லவும் இல்லை.

செம்பைப் பீலியில் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு, பார்வையாளர் நேரத்துக்குள் போய்ச் சேர இறங்கி நடந்தேன்.